குழந்தை நூற்பணியும் இல்லறமும்: தூரன் வாழ்வு தரும் பாடம்

முன்னுரை

குழந்தைகளுக்காக எழுதுவோரும், குழந்தை நூல்களைப் படித்துப் பிறர்க்கு அறிமுகம் செய்வோரும் பெரும்பாலும் அதனையே தொழிலாகக் கொண்டவர் அல்லர். பகலில் ஆசிரியராகவோ, வங்கி அலுவலராகவோ, ஆலைப் பணியாளராகவோ, இல்லத்தரசியாகவோ இருந்து, எஞ்சிய பொழுதில் இப்பணியை மேற்கொள்வோரே மிகுதி. எஞ்சிய பொழுது என ஒன்று உண்மையில் உண்டா? உண்டெனில் அது யாருக்கு உரியது? பணிக்கா, இல்லத்தார்க்கா, அன்றி அவரவர் உள்ளத்தே வளர்த்துவரும் சொந்தக் குறிக்கோளுக்கா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா நூலகத்தில் பிறந்தது அன்று. எம் இல்லத்தில் பிறந்தது. சில ஆண்டுகளாகச் சிறுவர் நூல்களைப் படித்து, அவற்றைப் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் அறிமுகப்படுத்திச் சிற்றிதழ்களில் எழுதி வருகின்றோம். ஓர் இரவு, மறுநாள் அனுப்ப வேண்டிய கட்டுரைக்காக ஐந்தாறு கதைநூல்களை மேசைமேல் பரப்பிவைத்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம். அப்போது ஆறு வயதினளாகிய எம் மகள் கதவருகே வந்து நின்றாள்.

"அத்தா, இந்தப் புத்தகமெல்லாம் எந்தப் பிள்ளைங்களுக்கு?"

"எல்லாப் பிள்ளைங்களுக்கும்தான், கண்ணு."

"அப்ப எனக்கு?"

"நாளைக்குப் படிக்கலாம்" என்றோம். அவள் மறுமொழி கூறாமல் சென்று உறங்கிவிட்டாள். அந்த 'நாளை' அதற்கு முன்னரும் பலமுறை சொல்லப்பட்டது என்பது அவள் சென்ற பின்னரே நினைவுக்கு வந்தது. பிறர் வீட்டுக் குழந்தைகள் உறங்குமுன் எந்தக் கதையைக் கேட்கலாம் என யாம் எழுதிக்கொண்டிருந்த அதே இரவில், எம் வீட்டுக் குழந்தை கதை கேளாமலே உறங்கியது.

இம்முரண் எமக்கு மட்டும் உரியது அன்று. இத்துறையில் உழைப்போர் பலர்க்கும் பொதுவானது. ஆகவே, கொங்கு மண்ணில் பிறந்து, ஆசிரியராகவும் இல்லறத்தாராகவும் இருந்துகொண்டே குழந்தை இலக்கியத்தில் பெரும்பணி ஆற்றிய பெரியசாமித் தூரன் அவர்களின் வாழ்வை முன்வைத்து இதனை நோக்குவோம். வள்ளுவர் அரசர்க்கென அடுத்தடுத்து வகுத்த வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய 48, 49, 50-ஆம் அதிகாரங்களின் தலைப்புகளை அளவுகோலாகக் கொள்கின்றோம். வேந்தன் வினைக்குச் சொல்லப்பட்டவை வீட்டின் வினைக்கும் பொருந்தும் என்பது எம் துணிபு.

1. பணியின் இயல்பும் தேவையும்

குழந்தை நூற்பணி மூன்று கூறுகளை உடையது. நூலை எழுதுதல் ஒன்று. நல்ல நூலைத் தேர்ந்து அறிமுகம் செய்தல் மற்றொன்று. அதனைக் குழந்தையின் கையில் சேர்த்து உடனிருந்து படித்தல் மூன்றாவது. இவற்றுள் இரண்டாவது எளிதெனத் தோன்றும். ஆயினும் அதற்கெனத் தனித்த இடர்ப்பாடு உண்டு. பெரியோர்க்கான நூலை வாங்குபவரே படிக்கின்றார். குழந்தை நூலையோ வாங்குபவர் ஒருவர், படிப்பவர் மற்றொருவர். அட்டையைக் கண்டும் விலையைக் கண்டும் பெற்றோர் வாங்குகின்றனர்; பிடிக்காத நூலைக் குழந்தை ஓசையின்றி ஒதுக்கிவிடுகின்றது. இவ்விருவர்க்கும் இடையே, நூலை முழுதும் படித்தவர் ஒருவர் நின்று வழிகாட்டுதல் இன்றியமையாதது.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் 1931-ஆம் ஆண்டு வெளியிட்ட ஐந்து விதிகளுள், நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்னும் கருத்தும் அடங்கும். குழந்தை நூலை அறிமுகம் செய்பவர் இவ்விதிக்குத் தொண்டு செய்பவரே ஆவார்.

கொங்கு நாட்டில் இத்தொண்டின் தேவை மிகுதி. கோவையின் பஞ்சாலைகளும் வார்ப்பட்டறைகளும், திருப்பூரின் பனியன் தொழிற்சாலைகளும் உழைக்கும் பெற்றோரின் பொழுதை முறைவேலைக்கு ஏற்பப் பங்கிட்டுவிட்டன. தந்தை இரவு முறைக்குப் புறப்படும் வேளையில் தாய் வேலை முடிந்து திரும்பும் வீடுகள் பல. அண்ணன்மார் கதையை உடுக்கை ஒலியுடன் இரவு முழுதும் கேட்ட ஊர்களிலிருந்து நகரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில், கதை சொல்லும் பாட்டி ஊரிலும், கதை கேட்க வேண்டிய பேரன் நகரிலும் இருக்கின்றனர். பாட்டி இல்லாத இடத்தை நூல் ஓரளவு நிரப்ப வேண்டியுள்ளது. 2005-ஆம் ஆண்டு தொடங்கிய ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவிலும், கோவைக் கொடிசியா வளாகத்தில் நடைபெறும் புத்தகத் திருவிழாவிலும் சிறுவர் நூற்குவியல்முன் நின்று, எதை எடுப்பது என அறியாது தயங்கும் தாய்மார்களைக் கண்டோர் இத்தேவையை நன்கு உணர்வர்.

ஆனால் இதன் விலை யாது? முப்பத்திரண்டு பக்கச் சிறுநூலைப் பெரியவர் ஒருவர் கால்மணி நேரத்தில் படித்துவிடலாம். அதன் எழுத்தளவு பொருத்தமா, தொடர்கள் குழந்தையின் வாயில் நிற்குமா, ஓவியம் கதைக்குத் துணைபுரிகின்றதா, மறுநாளும் அதனையே குழந்தை கேட்குமா என அறிய ஒருமுறை படித்தல் போதாது. ஒரு பக்க அறிமுகத்தின் பின்னே பல மாலைப்பொழுதுகள் மறைந்துள்ளன. அம்மாலைப்பொழுதுகள் இல்லத்திலிருந்தே எடுக்கப்படுகின்றன என்பதனை நாம் மறத்தல் ஆகாது.

2. தூரன்: வாழ்வும் பணியும்

ம. ப. பெரியசாமித் தூரன் 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிப் பகுதியில் உள்ள மஞ்சக்காட்டுவலசு என்னும் சிற்றூரில் பிறந்தார். சென்னையில் கல்லூரி மாணவராய் இருந்தபோதே நண்பர்களுடன் 'பித்தன்' என்னும் இதழை நடத்தினார். 1931-இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டமையால் உள்ளம் வருந்திப் பட்டப்படிப்பின் இறுதித் தேர்வை எழுதாது விடுத்தார். கோபிச்செட்டிப்பாளையத்தில் ஆசிரியப் பணியைத் தொடங்கினார். பின்னர், தி. சு. அவிநாசிலிங்கம் 1930-இல் தோற்றுவித்துப் பெரியநாயக்கன்பாளையத்தில் வேரூன்றிய இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் தலைமையாசிரியராக விளங்கினார். 1939-இல் ஆசிரியையான காளியம்மாளை மணந்து இல்லறம் ஏற்றார்.

அவிநாசிலிங்கம் 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். அக்கழகம் மேற்கொண்ட கலைக்களஞ்சியப் பணிக்கு முதன்மையாசிரியராகத் தூரன் 1948-இல் பொறுப்பேற்றுச் சென்னைக்குச் சென்றார். அதன் முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது. இணைப்புத் தொகுதியோடு பத்தாம் தொகுதி 1968-இல் நிறைவுற்றது. அதே 1968-இல் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளிவந்தது. பத்துத் தொகுதிகளும் 1976-இல் நிறைவெய்தின. நடுவணரசு அவர்க்குப் பத்மபூஷண் விருது வழங்கியதும் 1968-இல்தான். 1987-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் மறைந்தார்.

இப்பெரும்பணிகளுக்கு இடையே அவர் குழந்தைகளுக்காகக் கதைகளும் பாடல்களும் எழுதினார். 'மாயக்கள்ளன்', 'சூரப்புலி', 'கொல்லிமலைக் குள்ளன்' முதலியன அவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. குழந்தை உளவியல் பற்றிப் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் எளிய தமிழில் நூல்கள் படைத்தார். பாரதியாரின் எழுத்துகளைப் பழைய இதழ்களில் தேடித் தொகுத்துப் 'பாரதி தமிழ்' என வெளியிட்டார். இவையேயன்றி, ஏறத்தாழ 600 தமிழிசைப் பாடல்களையும் இயற்றினார். ஊதியம் தந்த பணி, குழந்தைகளுக்கான எழுத்து, இல்லறம், இசையாகிய சொந்த வேட்கை என நான்கு இழைகள் ஒருவர் வாழ்வில் அறுபடாமல் ஓடியமை ஈண்டு நம் கவனத்துக்கு உரியது. 'தூரனுக்கு மட்டும் நாள் ஒன்றுக்கு இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்ததா?' என வியத்தல் எளிது. அவர் தம் ஆண்டுகளை எவ்வாறு அடுக்கினார் எனக் காண்பதே பயனுடையது.

3. வலியறிதல்

வினை தொடங்குவோன் செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணைநிற்போர் வலிமை ஆகிய நான்கையும் சீர்தூக்க வேண்டும் என்பது வலியறிதலின் சாரம். குழந்தை நூற்பணியில் செயலின் வலிமை என்பது அதன் அளவு. திங்கள்தோறும் எத்தனை நூல்கள்? எத்தனை பக்கங்கள்? இதனை வரையறுக்காது 'இயன்ற அளவு செய்வோம்' எனத் தொடங்குவோர், இயலாத அளவில் சென்று முடிகின்றனர். கேட்போர்க்கெல்லாம் இசைவு தந்து, இறுதியில் உறக்கத்தையும் உறவையும் குறைத்துக்கொள்கின்றனர்.

தன் வலிமையை அறிதல் என்பது தன் தொழிலறிவு எதற்குப் பயன்படும் என அறிதலாகும். தூரன் பள்ளி ஆசிரியர். பகல் முழுதும் அவர் முன் இருந்தோர் சிறுவர்களே. குழந்தை உள்ளத்தைப் பற்றி எழுத அவர் வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. வகுப்பறையே அவர்க்கு ஆய்வுக்களம். தொழிலுக்கும் எழுத்துக்கும் இடையே பகையில்லாமல் அமைந்தமை அவர் பெற்ற முதல் நன்மை. இன்றும் தொடக்கப்பள்ளி ஆசிரியர், குழந்தைகள் நல மருத்துவர், அங்கன்வாடிப் பணியாளர் முதலியோர் இத்துறையில் சிறந்து விளங்கக் காரணம் இதுவே எனலாம்.

எதிரியின் வலிமை என்பதனை இங்குக் களைப்பு எனக் கொள்ளலாம். கைபேசி எனவும் கொள்ளலாம். ஆலையிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ திரும்பியவர் 'சற்றே பார்ப்போம்' எனக் கையில் எடுக்கும் கைபேசி, ஒரு சிறுவர் நூலைப் படித்து முடிக்கும் நேரத்தை ஓசையின்றி விழுங்கிவிடுகின்றது. நேரமில்லை எனக் கூறுமுன் நம் நேரம் சென்ற வழியைக் கணக்கிடுதல் நேர்மையாகும்.

நான்காவதாகிய துணைநிற்போர் வலிமையே இக்கட்டுரையின் உயிர்நாடி. அதனைத் தனித் தலைப்பில் காண்போம்.

4. காலமறிதல்

தூரனின் ஆண்டுகளை வரிசைப்படுத்தி நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பெரியோர்க்கான கலைக்களஞ்சியம் நடந்துகொண்டிருந்தபோது குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் தொகுதிகள் அதற்கு இணையாக வெளிவரவில்லை. முன்னது நிறைவுற்ற ஆண்டில்தான் பின்னதன் முதல் தொகுதி வெளிவந்தது. அப்போது அவர்க்கு வயது அறுபது. இறுதித் தொகுதி வெளிவந்தபோது அறுபத்தெட்டு. பெரும்பணி ஒரு நேரத்தில் ஒன்று. அதன் ஓரத்தில் சிறுகதை, பாடல் போன்ற சிறுபணிகள். இதுவே அவர்தம் ஆண்டுகள் காட்டும் ஒழுங்கு. ஒரு குறிக்கோளைத் தள்ளிவைத்தல் வேறு, கைவிடுதல் வேறு. இவ்வேறுபாட்டை அறியாமையால் இளைஞர் பலர் இருபத்தைந்து வயதில் அனைத்தையும் தொடங்கி, முப்பது வயதில் அனைத்தையும் விட்டுவிடுகின்றனர்.

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா வாழ்வும் இதற்குச் சான்று பகரும். 1922-இல் புதுக்கோட்டைப் பகுதியின் இராயவரத்தில் பிறந்த அவர், இந்தியன் வங்கியில் பணிபுரிந்துகொண்டே குழந்தைப் பாடல்கள் எழுதினார். அவர்தம் முதல் தொகுப்பாகிய 'மலரும் உள்ளம்' 1944-இல் 23 பாடல்களோடு வெளிவந்த சிறு நூலே. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முன்னின்றார். வங்கிப் பணியிலிருந்து 1982-இல் ஓய்வு பெற்ற பின்னர்க் 'கோகுலம்' இதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். குடும்பத்துக்கு ஊதியம் தேவைப்பட்ட ஆண்டுகளில் வங்கி வேலையை அவர் துறந்துவிடவில்லை, பாடலையும் துறந்துவிடவில்லை. அளவிற் சிறிய இலக்கிய வடிவத்தைத் தேர்ந்தமையால் இரண்டும் ஒருங்கே இயன்றன.

அயல்நாட்டிலும் இத்தகைய சான்று உண்டு. சுவீடன் நாட்டு எழுத்தாளர் ஆசுட்ரிட் லிண்ட்கிரென் 1946 முதல் 1970 வரை ஒரு பதிப்பகத்தில் சிறுவர் நூற்பிரிவைப் பொறுப்பேற்று நடத்தினார். காலைப்பொழுதை வீட்டில் எழுதுவதற்கும், பிற்பகலைப் பதிப்பகத்தில் பிறர் நூல்களைச் செப்பம் செய்வதற்கும் ஒதுக்கினார். எழுதும் பொழுதையும் பிறர் எழுத்தை ஆராயும் பொழுதையும் அவர் ஒன்றோடொன்று கலக்கவில்லை. நூல் அறிமுகம் எழுதும் நம்மனோர்க்கு இது சிறந்த பாடம். பிறர் நூலைப் பாராட்டிக்கொண்டே காலம் கழித்துவிட்டுத் தம் நூலை எழுதாமற் போனவர் எத்துணைப் பேர்!

5. இடனறிதல்

இடம் என்பது மேசையும் நாற்காலியும் மட்டும் அன்று. எவர் நடுவே பணி நிகழ்கின்றது என்பதும் இடமே. லிண்ட்கிரெனின் புகழ்பெற்ற 'பிப்பி' கதை பிறந்த வரலாறு அறியத்தக்கது. 1941-இல் நோயுற்றுப் படுக்கையில் இருந்த அவர்தம் மகள், தானே ஒரு விந்தைப் பெயரைப் புனைந்து அப்பெயருடையாளைப் பற்றிக் கதை சொல்லுமாறு தாயைக் கேட்டாள். தாய் சொன்னார், பல நாள் சொன்னார். 1944-இல் பனியில் வழுக்கிக் கால் சுளுக்குண்டு வீட்டிலிருக்க நேர்ந்தபோதுதான் அக்கதையை எழுத்தில் வடித்து, மகளின் பத்தாம் பிறந்தநாளுக்குப் பரிசாக அளித்தார். நூலாக வெளிவந்தது 1945-இல். ஆக, குழந்தையிடமிருந்து பறித்த பொழுதில் அக்கதை பிறக்கவில்லை. குழந்தைக்குக் கொடுத்த பொழுதில் பிறந்தது.

தமிழிலும் இவ்வுணர்வு காணப்படுகின்றது. சாகித்திய அகாதெமி 2010 முதல் குழந்தை இலக்கியத்துக்கெனப் பால சாகித்திய விருது வழங்கி வருகின்றது. 2021-இல் தமிழுக்கான அவ்விருதைப் பெற்ற மு. முருகேஷ் அவர்களின் நூற்பெயர் 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை' என்பதாகும். கதை மூத்தோரிடமிருந்து இளையோர்க்கு மட்டும் செல்வது அன்று, எதிர்த்திசையிலும் பாயும் என்பதனை அத்தலைப்பே உணர்த்துகின்றது. வீட்டுக் குழந்தையைப் பணிக்கு இடையூறாக எண்ணுபவர், தம் துறையின் தலைசிறந்த ஆசிரியரை வாயிலுக்கு வெளியே நிறுத்துகின்றார்.

பொது நூலகமும் ஈண்டுக் கருதற்குரிய இடம். அவிநாசிலிங்கம் கல்வியமைச்சராய் இருந்த காலத்தில்தான் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-இல் நிறைவேறியது. அச்சட்டத்தின் பயனாய்த் தழைத்த நூலகங்கள் நம் ஊர்களில் உள்ளன. விடுமுறை நாளில் குழந்தைகளோடு நூலகம் செல்பவர்க்கு நூற்பணியும் பெற்றோர் கடமையும் ஒரே நேரத்தில் நிறைவேறுகின்றன. வீட்டில் விலைகொடுத்து வாங்கி அடுக்கும் சுமையும் குறைகின்றது.

எனினும் இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். குழந்தையோடு படித்தல் வேறு. குழந்தையைக் கருவியாகக் கொள்ளுதல் வேறு. கதையை நடுவில் நிறுத்தி, 'இப்பக்கம் பிடித்ததா? ஏன் பிடித்தது?' என வினவிக் குறிப்பெடுக்கும் தந்தையிடம் குழந்தை விரைவில் கதை கேட்பதை நிறுத்திவிடும். அதனையும் யாம் பட்டறிந்தோம்.

6. கணக்கில் வாராத உழைப்பு

ஆங்கிலத்தில் குழந்தைகளுக்காக நூற்றுக்கணக்கான நூல்கள் எழுதியவர் எனிட் பிளைட்டன். அவர் மறைந்தது 1968-இல். அவர்தம் இளைய மகள் இமோஜன் 1989-இல் வெளியிட்ட நினைவு நூலில், உலகக் குழந்தைகளுக்கெல்லாம் கதை சொன்ன தாய் தமக்கு எட்டாதவராகவே இருந்தார் என்னும் துயரைப் பதிவு செய்தார். மூத்த மகளோ தாயை அன்புடையவராகவே நினைவுகூர்ந்தார். ஒரே இல்லத்தில் இரு நினைவுகள்! இதனால் பிளைட்டனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் நம் நோக்கம் அன்று. எழுத்தாளர்க்குப் படிப்போர் தரும் புகழ் ஒரு கணக்கு. வீட்டில் உள்ளோர் வைத்திருக்கும் கணக்கு மற்றொன்று. இரண்டாவது கணக்கை நாம் எழுதுவதில்லை. நம் பிள்ளைகள் எழுதுகின்றனர்.

மேலும், இவ்விடத்தில் ஆடவராகிய யாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓர் ஆடவர் இரவில் அமைதியாக அமர்ந்து எழுதுகின்றார் எனில், அவ்வமைதியை யாரோ ஒருவர் உண்டாக்கித் தருகின்றார். பிள்ளைக்குச் சோறூட்டுதல், வீட்டுப்பாடம் எழுதுவித்தல், முதியோர்க்கு மருந்து தருதல், மறுநாள் காலைக்கு மாவாட்டி வைத்தல் ஆகியன தாமே நடப்பன அல்ல. எழுதுபவர் பெண்ணாயின் இவை அனைத்தையும் முடித்த பின்னரே அவர்க்கு மேசை கிடைக்கின்றது. 'இல்லத்தையும் எழுத்தையும் எவ்வாறு சமன் செய்கின்றீர்கள்?' என்னும் வினா பெண் எழுத்தாளரிடமே பெரிதும் கேட்கப்படுகின்றது. ஆடவரிடம் அரிதாகவே கேட்கப்படுகின்றது. அவ்வினாவை ஆடவரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

எம் துணைவியார் தொடக்கப்பள்ளி ஆசிரியை. தொலைநிலைக் கல்வி வழியே முதுகலைத் தமிழ் பயிலச் சேர்ந்தவர், இரண்டாம் ஆண்டுத் தேர்வை இருமுறை தள்ளிவைத்தார். காரணம் கேட்டபோதெல்லாம் 'அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம்' என்றார். எம் மகள் கதவருகே நின்ற அந்த இரவுக்குப் பின்னர்தான் அதன் காரணம் எமக்கு விளங்கியது. வீட்டில் இருந்தது ஒரே மேசை. இரவு எட்டு மணிக்குமேல் அதில் அமர்ந்திருந்தவர் யாமே. எம் நூற்பணிக்கு யாம் செலவிட்ட பொழுதென எண்ணியிருந்ததில் ஒரு பெரும்பகுதி அவர்தம் தேர்வுக்குரிய பொழுது. துணைநிற்போர் வலிமையைச் சீர்தூக்குதல் என்பது அவர் எவ்வளவு தாங்குவார் என அளப்பது அன்று. அவர்க்கும் ஒரு வினை உண்டு என அறிவதே ஆகும்.

7. யாம் கண்ட நடைமுறை

அதன்பின் எம் இல்லத்தில் சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டோம். அவை பெரியனவல்ல, எனினும் பிறர்க்கும் பயன்படலாம் என்பதால் கூறுகின்றோம்.

முதலாவது, திங்களுக்கு இரண்டு நூல்களுக்கு மேல் அறிமுகம் எழுதுவதில்லை என முடிவு செய்தோம். தொடர்ந்து எழுதிவந்த இதழ் ஒன்றுக்கு இசைவின்மையைத் தெரிவித்தோம். அதனால் நட்பில் சிறு கசப்பு உண்டானது, அதனை ஏற்றுக்கொண்டோம்.

இரண்டாவது, கிழமையில் மூன்று மாலைகளில் மேசை துணைவியார்க்கு உரியது. அம்மாலைகளில் அடுப்படியும் பிள்ளையும் எம் பொறுப்பு. தொடக்கத்தில் தோசை கல்லில் ஒட்டியது, பிள்ளை நகைத்தாள். இப்போது ஒட்டுவதில்லை.

மூன்றாவது, உறங்குமுன் இருபது நிமிடம் மகளுக்கு உரியது. நூலை அவளே தேர்வாள். அறிமுகத்துக்கு வந்த நூலை அவள் தேர்ந்தெடுத்தால் மகிழ்ச்சி. பத்தாம் முறையாகப் பழைய நூலையே எடுத்தாலும் மறுப்பதில்லை. அப்பொழுதில் குறிப்பேடு கையில் இருத்தலாகாது.

நான்காவது, எம் சொந்தக் குறிக்கோளாகிய கதைநூலை விடியற்காலையில் அரைமணி நேரம் எழுதுகின்றோம். ஒரு நாளைக்கு ஒரு பக்கமும் நிறைவதில்லை. எனினும் முன்னர் ஈராண்டுகளில் எழுதாத அளவை இவ்வோராண்டில் எழுதியுள்ளோம்.

இவ்வொழுங்குகள் எப்போதும் காக்கப்படுகின்றன எனக் கூறின் அது பொய்யாகும். தேர்வுத்தாள் திருத்தும் காலத்திலும், வீட்டில் நோய் நேர்ந்த காலத்திலும் அவை குலைந்தன. குலைந்ததைக் கண்டு பணியையே விட்டுவிடாமல் மறுகிழமை மீண்டும் தொடங்கினோம். நன்மையும் விளைந்தது. முன்பு யாம் வியந்து பாராட்டி எழுதிய நூல் ஒன்றை மகளிடம் படித்தபோது மூன்றாம் பக்கத்திலேயே எழுந்து சென்றுவிட்டாள். எளியது என யாம் ஒதுக்கிய ஒரு பூனைக்கதையை நாள்தோறும் கேட்டாள். எம் மதிப்பீடுகளில் எத்தனை, குழந்தைக்காக அன்றி எம் போன்ற பெரியோர்க்காக எழுதப்பட்டவை என்பது அப்போது புலனாயிற்று. குறைவாக எழுதத் தொடங்கிய பின்னரே எம் எழுத்து மெய்யாயிற்று. துணைவியார் தள்ளிவைத்த தேர்வை இவ்வாண்டு எழுதுகின்றார்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், குழந்தை நூற்பணி, இல்லறம், சொந்தக் குறிக்கோள் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அழிக்கும் பகைகள் அல்ல என்பது பெறப்படும். பணியின் அளவை வரையறுத்தல் வலியறிதல். பெரும்பணியை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குதல் காலமறிதல். வீட்டையும் நூலகத்தையும் பணிக்களமாக்கிக் குழந்தையோடு அமர்தல் இடனறிதல். இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக, நம் பணிக்காகத் தம் பொழுதை ஈந்தவர் யார் எனக் கேட்டு, அவர்க்கு அதனைத் திருப்பித் தரும் நேர்மை வேண்டும்.

மாணவச் செல்வங்களே! மஞ்சக்காட்டுவலசில் பிறந்த ஒருவர் அறுபதாம் வயதில் குழந்தைகளுக்கெனக் கலைக்களஞ்சியத்தைத் தந்து, அறுபத்தெட்டாம் வயதில் அதனை நிறைவு செய்தார். ஆகவே விரைவு வேண்டா, இடைவிடாமை வேண்டும். ஆசிரியப் பெருமக்களே, சமுதாயப் பெரியோர்களே! நம் இல்லங்களில் ஒரு பெண் நூலைக் கையில் எடுக்கும்போது அடுப்படியிலிருந்து அவரை அழைக்காதிருப்போம். குழந்தை நூலோடு வந்து கதவருகே நிற்கும்போது 'நாளைக்கு' எனக் கூறாதிருப்போம். குழந்தைப் பருவத்தில் நாளைகள் மிகச் சில. எம் மகளுக்கு இப்போது எட்டு வயது. அண்மையில் ஓர் இரவு அவளே ஒரு நூலை விரித்து, "இன்னைக்கு நான் படிக்கிறேன், நீங்க கேளுங்க அத்தா" என்றாள். கேட்டுக்கொண்டிருந்தோம்.